இருபதாம் நாள் படம்

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். வெட்கத்தால் அல்ல. சொல்ல ஆரம்பித்தால் கேட்பவருக்கும் புரியாது, பாதி வழியில் எனக்கும் புரியாமல் போய்விடும். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். வருகிறவர் பலகையில் எழுத்தைப் படிப்பார், சீட்டில் எண் வரும், அந்த எண்ணுக்கு லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் உட்கார வைப்பேன். தெரிகிறது, தெரியவில்லை, இவ்வளவுதான் என் உலகம். அவள் உலகத்தில் ஒன்று தெரிந்தாலே சந்தேகம்தான்.

அவள் வானாராய்ச்சி நிலையத்தின் நகர அலுவலகத்தில், படப் பிரிவில் இருக்கிறாள். தொலைநோக்கி எங்கோ மலை மேல் இருக்கிறது. அதை அவள் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள், இரண்டு தடவையும் பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். அது எடுத்த படங்கள் காலையில் அவள் கணினிக்கு வந்துவிடும். ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்தரைக்கு எழுந்திருப்பாள். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள். படப் பிரிவில் இருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, “ரெண்டு வாரம் பாத்துக்கோங்கம்மா” என்று அங்கே உட்கார வைத்தார்கள். அந்த இரண்டு வாரம் பத்தொன்பது வருடமாக நடக்கிறது.

வேலை இதுதான். வானத்தில் ஒரே இடத்தை வேறு வேறு நாட்களில் எடுத்த படங்கள் இருக்கும். அதில் ஒன்றை அடிப்படை என்று வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழிக்க வேண்டும். மாறாமல் இருப்பதெல்லாம் அடிபட்டுப் போய்விடும். புதிதாக முளைத்தது மட்டும் வெள்ளைப் புள்ளியாக மிஞ்சும். கழிப்பது கணினி. எதை அடிப்படையாக வைப்பது, மிஞ்சியது நிஜமா அழுக்கா என்று சொல்வது இவள் கண். அலுவலகத்தில் இவளுக்குக் கழித்தலம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. என் மச்சான், அதாவது இவளுடைய அண்ணன், பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “கூட்டிப் பெருக்கத்தான் ஆள் வைப்பாங்க. கழிக்கிறதுக்குமா வைக்கிறாங்க?” இவள் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வாரப் பத்திரிகையில் ஆறு வித்தியாசம் போட்டிருந்தால், நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் ஆறையும் சொல்லிவிடுவாள். ஏழாவதாக அச்சில் விழுந்த மைப்புள்ளியையும் சொல்வாள். கண் அப்படி. எண் பார்க்கக் கடைக்கு அழைத்துப்போனால் எனக்கே அவமானம், பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும், கண்ணாடியே தேவைப்படாது.

இவ்வளவு செய்தும் ஒரே ஒரு விஷயம் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவரும்போது மேலே எழுதியவர்கள் பெயர் வரிசையாக இருக்கும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘அளவீட்டில் உதவிய அலுவலர்களுக்கு நன்றி’ என்று இருக்கும். அந்த அலுவலர்களில் இவளும் உண்டு, தொலைநோக்கியின் மூடிக்கு எண்ணெய் போடுகிறவரும் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் பிரதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்குவாள். பெயர் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சென்ற வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு காமாக் கதிர் வெடிப்பு வந்தது. அதை விளங்கவைக்க அவள் இரவுச் சாப்பாட்டை ஆறப்போட்டாள். ரொம்பப் பெரிய நட்சத்திரம் ஒன்று தன் பாரம் தாங்காமல் உள்ளுக்குள்ளேயே இடிந்து விழும்போது, இரண்டு பக்கமும் இரண்டு கற்றை பீய்ச்சிக்கொண்டு கிளம்புமாம். ஒரு கற்றை நம் பக்கம் பார்த்திருந்தால் செயற்கைக்கோளுக்குச் சில நொடிகள் காமாக் கதிர் தெரியும். இந்தத் தடவை நாற்பது நொடி. அதன் பிறகு சாதாரண வெளிச்சம் கொஞ்சம் நின்று, நாளுக்கு நாள் மங்கும். இதற்கிடையில் நட்சத்திரத்தின் உடம்பு வெடித்துச் சிதறுகிறதே, அதுதான் சூப்பர்நோவா, அந்த வெளிச்சம் நிதானமாக ஏறி இரண்டு மூன்று வாரத்தில் உச்சிக்கு வரும். வெளிச்சத்தைக் கோடாக வரைந்தால் சரிந்துகொண்டே போகிற கோட்டில் ஒரு மேடு தெரியும். மேடு இருந்தால், வெடிப்பும் சூப்பர்நோவாவும் ஒரே நட்சத்திரத்தின் சாவு என்று அர்த்தம்.

“மேடு இல்லைன்னா?” என்றேன்.

“அதுதான் சண்டை. நட்சத்திரம் செத்துச்சு, ஆனா வெடிக்கலைன்னு சொல்லணும். ரொம்ப அபூர்வம்ங்க.”

“சாகாமயே வெடிச்சிருந்தா?”

“சாப்பிடுங்க” என்றாள்.

இந்த வெடிப்பு பக்கத்தில், அதாவது அவர்கள் கணக்கில் பக்கத்தில், உள்ள ஒரு கேலக்சியின் நடுப்பகுதியை ஒட்டி நடந்தது. அந்த மூலையின் பழைய படம் நிலையத்தில் ஒன்றுகூட இல்லை. முதல் நாளிலிருந்து முப்பத்துநாலாம் நாள்வரை மலையிலிருந்து பதினொரு படங்கள் வந்தன. அதோடு அந்தக் கேலக்சி சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. பதினொன்றில் இருபதாம் நாள் படம்தான் அபாரம். காற்றுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி, அத்தனை புள்ளியும் ஊசி குத்தினது போல இருந்ததாம். அவள் மேசைக்கு மேலே, அவளே எழுதி ஒட்டிய சீட்டு ஒன்று உண்டு: ‘தெளிவான படமே அடிப்படை.’ மங்கலான படத்தை அடிப்படையாக வைத்தால் தப்புப் புள்ளிகள் கிளம்பும் என்று புதிதாக வருகிற ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். இருபதாம் நாள் படத்தை அடிப்படையாக வைத்துக் கழித்தாள்.

மேடு இல்லை.

பிரிவுத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதுகிற இளம் ஆராய்ச்சியாளரைத் தாடி என்பார்கள். இருவருக்கும் தலைகால் புரியவில்லை. சூப்பர்நோவா இல்லாத வெடிப்பு, அதுவும் இவ்வளவு பக்கத்தில்! பெரியவர் அவள் மேசைக்கே வந்து சொன்னாராம்: “இது முழுக்க உங்க அளவும்மா. உங்க பேர் நாலாவதா போகுது.”

அன்றைக்கு அவள் பஸ்ஸில் வரவில்லை, நடந்தே வீடு வந்தாள். நான் கட்டுரை வந்ததும் சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன். “கண்ணாடிக் கடைக்காரர் புத்தி” என்றாள், ஆனால் எந்தச் சுவர் என்று பார்த்துவைத்தாள்.

குழப்பம் அடுத்த வாரம் தொடங்கியது. வேறொரு நாட்டுக் குழு இரண்டே வரியில் ஒரு தகவல் அனுப்பியிருந்தது: லேசாக ஒரு மேடு தெரிகிற மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரியவர் சிரித்துவிட்டு, “அவங்க தொலைநோக்கி சின்னது” என்றார். இவளால் சிரிக்க முடியவில்லை. மறுபடி அளந்தாள். மறுபடியும் மேடு இல்லை. ஆனால் முப்பத்துநாலாம் நாள் படத்திலிருந்து இருபதாம் நாள் படத்தைக் கழித்துப் பார்த்தால், வெடிப்பு நடந்த இடத்தில் வெள்ளையும் இல்லாமல் வெறுமையும் இல்லாமல் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

“கறுப்புன்னா?” என்றேன்.

“இல்லாததைவிடக் கம்மின்னு அர்த்தம்.”

இதற்கு மேல் நான் என்ன கேட்பது? கடைக்கு வருகிறவர் ‘எழுத்து தெரியாததைவிடக் குறைவாகத் தெரிகிறது’ என்று சொன்னால் வேறு டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவேன்.

தாடிக்கு அதில் குழப்பமே இல்லை. அது புகைமூட்டமான நாள், மங்கல் படம். மங்கல் படத்தில் தெளிவான படத்தைக் கழித்தால் எல்லாக் கேலக்சியின் நடுவிலும் கறுப்பு விழத்தான் செய்யும். உண்மை. இவளே ஆயிரம் தடவை பார்த்து ஒதுக்கிய கறுப்பு அது. ஆனால் மங்கலால் விழும் கறுப்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்குமாம். இதைச் சுற்றி வளையம் இல்லை. இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. பத்து நாள் அவளுக்கு மண்டை காய்ந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியாமல் பக்கத்திலேயே நிற்பாள். அந்தப் படத்தில் இருந்த மற்ற இருபத்தேழு கேலக்சிகளையும் ஒவ்வொன்றாக அளந்தாள். எல்லாவற்றுக்கும் வளையம் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

கட்டுரை வெள்ளிக்கிழமை பத்திரிகைக்குப் போவதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் கடைக்கே வந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வேலை நேரத்தில் அவள் கடைக்கு வந்ததே இல்லை. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நான் பதறிப்போனேன்.

“நான் சொன்னத நானே கேக்கலைங்க” என்றாள். “மங்கல் படத்த அடிப்படையா வச்சுக் கழிச்சுப் பாத்தேன். முப்பத்துநாலாம் நாள் படத்த.”

“சரி.”

“மேடு வருது.”

லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்தினேன். “அப்போ எது சரி?”

“அதான் தெரியல. தெளிவானத வச்சா இல்ல, மங்கலானத வச்சா இருக்கு.” சீட்டு ஒன்றை எடுத்து அதன் பின்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்தாள். “இருபதாம் நாள் அந்த நட்சத்திரம் உச்சியில இருந்திருந்தா, அந்த வெளிச்சம் என் அடிப்படைக்குள்ளயே உக்காந்திருக்கும். அப்புறம் எதுல இருந்து கழிச்சாலும் அது தன்னைத்தானே கழிச்சுக்கும். இருக்கறதையே இல்லைன்னு வச்சுக்கிட்டு நான் இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கேன்.”

“இருந்திருந்தான்னா? இருந்துச்சா இல்லையா?”

“அந்த இடம் காலியா இருக்கும்போது எடுத்த படம் நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லைங்க. எது காலின்னு எனக்கெப்படித் தெரியும்?” என்று கத்தினாள். சட்டம் தேர்ந்துகொண்டிருந்த அம்மாள் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். என் மனைவி கத்தி அன்றுதான் கேட்டேன்.

வியாழக்கிழமை பெரியவரிடம் போனாள். அவரை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், ஆனால் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு கோட்டையும் வெகுநேரம் பார்த்தாராம். பிறகு கேட்டாராம்: “தெளிவான படம்தான் அடிப்படைன்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானேம்மா?”

“ஆமா சார்.”

“அப்போ இப்ப எந்தக் கழித்தலம்மாவ நம்பறது?”

மங்கல் படத்தை நம்பி ஒரு கண்டுபிடிப்பைக் கைவிட முடியாது என்றார். இரண்டுக்கும் நடுவே சந்தேகம் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். தாடி கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அடுத்த வேலை இந்தக் கட்டுரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்படின்னா என் பேர் வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இதைக் கேட்டு நான் குதித்தேன். உண்மையிலேயே குதித்தேன், மேசையில் இருந்த தம்ளர் விழுந்தது. தப்பு என்று உனக்கே நிச்சயமாகத் தெரியுமா என்றேன். தெரியாது என்றாள். தெரியாத ஒன்றுக்காகப் பதினேழு வருடத்தைத் தூக்கிக் குப்பையில் போடுவார்களா என்றேன். அதற்கும் தெரியாது என்றாள். “தெரியலைன்னு எழுதியிருந்தா என் பேரப் போடலாம். இல்லைன்னுல்ல எழுதியிருக்கு.” இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கட்டுரை வந்தது. மூன்று பெயர். அவள் கேட்டுக்கொண்டதால் கடைசிப் பக்கத்து நன்றியிலும் அலுவலர்கள் இல்லை, எண்ணெய் போடுகிறவரும் சேர்ந்து போய்விட்டார். எங்கெங்கிருந்தோ பாராட்டு வந்தது. தாடிக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. போகும்போது இவளிடம் சொல்லிக்கொள்ள வந்தவர், மேசை மேலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாராம். சீட்டை அவள் கிழிக்கவும் இல்லை, விட்டுவைக்கவும் மனசில்லை. பாதி மறைகிற மாதிரி நாட்காட்டியை மாட்டிவைத்தாள்.

அந்த வருடத்தை எப்படிச் சொல்வது? கேலக்சி சூரியனுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவேண்டும். அதற்குள் நட்சத்திரத்தின் வெளிச்சம், இருந்திருந்தால், முழுக்க அணைந்திருக்கும். அப்போது எடுக்கிற படம்தான் காலியான படம். அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது. காலையில் எழுந்ததும் “அது மங்கல் கறுப்புதான், நான்தான் வளையத்தப் பாக்காம விட்டுட்டேன்” என்பாள். சாயங்காலம் வந்து, “இல்லைங்க, வளையம் இல்லவே இல்ல” என்பாள். தன் கண்ணையே நம்பாமல் மறுபடி சோதிக்கச் சொன்னாள். சோதித்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை. எனக்கோ அந்த மேடு இருக்க வேண்டுமா கூடாதா என்றே விளங்கவில்லை. இருந்தால் அவள் சொன்னது சரி, ஆனால் முதலில் அளந்தது தப்பு. இல்லாவிட்டால் அளந்தது சரி, பெயரை வீணாகத் தொலைத்துவிட்டாள். எப்படி வேண்டிக்கொண்டாலும் அவளுக்கே அடி விழுந்தது.

தொலைநோக்கியில் அந்தக் கேலக்சிக்கு நேரம் ஒதுக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டது பெரியவர். இதை அவர் கணக்கில் சேர்க்க வேண்டும். அவருக்கும் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

படம் வந்த அன்று பதினொரு மணிக்கு அவள் போன் செய்தாள். “வந்துச்சு” என்றாள். மேடு இருந்ததா என்றேன். இருந்தது. பத்தாம் நாளிலிருந்தே ஏறி, பத்தொன்பது இருபதில் உச்சி தொட்டு, அழகாக இறங்கியதாம். அந்த மாதிரிப் பெரிய நட்சத்திரங்களைப் போல இதுவும் வெடித்துத்தான் செத்திருக்கிறது. இருபதாம் நாள் படத்தில் அது இருந்ததிலேயே அதிக வெளிச்சத்தோடு நின்றிருக்கிறது. அதைத்தான் இவள் காலியிடம் என்று வைத்துக்கொண்டாள். போனில் அழுகிற சத்தம் கேட்டது. சந்தோஷமா, வருத்தமா என்று கேட்டேன். “தெரியலைங்க” என்றாள்.

பெரியவர் திருத்தம் எழுதினார். முன்பு சொன்னது தவறு, சூப்பர்நோவா உண்டு என்று பத்திரிகைக்கு ஒரு பக்கம். அடிப்படைப் படத்தைத் தேர்ந்ததில் பிழை நேர்ந்தது என்று பொதுவாகப் போட்டுவிடலாம், யார் என்று எழுத வேண்டாம் என்றார். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

“என் பேரப் போடுங்க சார்.”

“தப்புக்குப் பேர் போட்ட மாதிரி ஆயிடும்மா.”

“ரெண்டு அளவும் என்னுதுதானே.”

திருத்தம் போன மாதம் வெளிவந்தது. மேலே நாலு பெயர். மூன்று பேர் பழைய கட்டுரையில் இருந்தவர்கள், நாலாவது இவள். உள்ளே ஒரு வாக்கியம்: இருபதாம் நாள் படத்தை அடிப்படையாகத் தேர்ந்தவரும் அதன் பிழையைக் கண்டவரும் நாலாவது ஆசிரியர். சட்டம் போடலாமா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. கேட்பது அவமானப்படுத்துவதா, கேட்காதது அவமானப்படுத்துவதா என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தார். மேசையில் கிடந்த பிரதியை எடுத்து, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தார். பழைய கட்டுரையையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“மாப்ள, எனக்கு ஒண்ணு புரியல. பெரிய கண்டுபிடிப்புன்னு போட்டப்ப மூணு பேர். தப்புன்னு போடறப்ப நாலு பேர். நாலாவது ஆள் என் தங்கச்சி. அப்போ தப்பு பண்ணினது இவதானா? இது பாராட்டா, திட்டா?”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கட்டுரை பத்திரிகைக்குப் போவதற்கு ஒரு நாள் முன்னாடியே இவள் போய்ச் சொன்னதை, பெயரே வேண்டாம் என்று எழுந்து வந்ததை, எல்லாவற்றையும் கொட்டிவிட வாயைத் திறந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

“ஆமாண்ணே” என்றாள். “அந்தப் படத்த அடிப்படையா வச்சதும் நான்தான், வேண்டாம்னு எடுத்ததும் நான்தான்.”

மச்சான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். “ஒண்ணும் புரியலையே” என்றார்.

“எனக்கும் ஒரு வருஷம் புரியலண்ணே” என்று சொல்லிவிட்டு, தாளை அவர் கையிலிருந்து வாங்கி, தன் பெயர் இருந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள்.